வேம்புவுக்குச் சர்க்கரை இல்லை

கீழ்வேளூருக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கிராமங்களில் ஒன்றில் வேம்பு இருக்கிறார். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் மற்ற ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால் அங்கேயும் வரும். வராத ஆண்டுகளில் ஊரார் சாலை மறியல் செய்வார்கள். தாசில்தார் வந்து பேசுவார், கலைந்து போவார்கள். தண்ணீர் வந்த ஆண்டுகளில் வேறு காரணத்துக்காக மறியல் நடக்கும்.

வேம்புவின் பெற்றோர் மிராசுதார் ஒருவரின் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். கூலி உயர்வுக்காக அவர்கள் செங்கொடி பிடித்தபோது வேம்பு கைக்குழந்தை. தாயின் இடுப்பில் இருந்தபடி ஊர்வலத்தில் கலந்துகொண்டார். பிறகு முருகையனைக் கட்டிக்கொண்டு அவரும் நடவுக்கும் களைக்கும் போனார். பண்ணை துண்டு துண்டாக விலைபோன காலத்தில், நிலமில்லாதவர்களுக்கான அரசுத் திட்டம் ஒன்றில் அவர்களுக்கு ஐந்து மா நிலம் கிடைத்தது. ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பட்டா பெண்கள் பெயரில்தான் என்பது அந்தத் திட்டத்தின் விதி. முருகையன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது “உங்க வயல்” என்றால் மட்டும், “எங்க வீட்டம்மா வயல்” என்று திருத்துவார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஒரு கட்சித் தலைவரின் பிறந்த நாளுக்காகப் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். வேம்பு மூக்குக் கண்ணாடிக்காகப் போனார். களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். அவர் முறை வருவதற்குள் கண்ணாடி தீர்ந்துவிட்டது. வந்ததற்கு எதையாவது காட்டிவிட்டுப் போகலாம் என்று பெண்களுக்கான வரிசையில் நின்றார். இடது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி இருப்பது அவருக்கு முன்பே தெரியும். வலிக்காததால் அதை அவர் பொருட்படுத்தவில்லை. முகாமுக்கு வந்த பெண் மருத்துவர் பொருட்படுத்தினார்.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். அக்குளுக்கும் பரவியிருந்ததால் அங்கேயும் எடுத்தார்கள். ஊசி மருந்து, ஊரார் கரண்ட் வைத்தியம் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிவதற்குள் அடுத்த சம்பா வந்துவிட்டது. முருகையன் ஒவ்வொரு முறையும் கூடவே போனார். ஆஸ்பத்திரி நடையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேம்பு வெளியே வந்ததும் “என்ன சொன்னாங்க?” என்று கேட்பார். வேம்பு சொல்வார். “சரி” என்பார். அவர் அழுததை வேம்பு ஒரே ஒருமுறைதான் பார்த்தார். திருவாரூர் பஸ் நிலையத்தில், பஸ்ஸைத் தவறவிட்டபோது. பஸ் போனதற்காகத்தான் அழுததாக முருகையன் இன்றும் சொல்கிறார்.

வைத்தியம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்துவந்த டாக்டர் கமருன்னிஸா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நாகப்பட்டினத்துக்காரர். நின்றுகொண்டே பேசுகிற பழக்கமுள்ள அவர் அன்று தானும் உட்கார்ந்ததால், ஏதோ கெட்ட செய்தி என்று வேம்பு நினைத்தார்.

“இது கட்டாயம் இல்லம்மா. ஒரு ஆராய்ச்சி நடக்குது. சேர்றதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்.”

“சொல்லுங்க டாக்டரம்மா.”

“கட்டிய எடுத்தாச்சு. ஆனா கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு செல்லு ஒடம்புல எங்கயாவது தங்கியிருக்கலாம். அது எலும்புக்கோ ஈரலுக்கோ போயிடக் கூடாது. இருக்கிற எடத்தவிட்டுக் கெளம்பி இன்னொரு எடத்துல குடியேறணும்னா அதுக்கு நெறைய சக்தி வேணும். சாப்பாட்ட சக்தியா மாத்துறதுக்கு செல்லுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. இந்த மாத்திரை அந்த ஏற்பாட்டக் கொஞ்சம் தடுக்கும். புது மருந்து இல்ல, சர்க்கரை வியாதிக்கு ரொம்ப வருஷமா குடுக்கிறதுதான்.”

“எனக்குத்தான் சர்க்கரை இல்லையே.”

“இல்ல. சர்க்கரை இல்லாதவங்களத்தான் கேக்குறோம். சோதனைக்கூடத்துல வச்சுப் பாத்தப்ப, இந்த மருந்து பட்ட செல்லுங்க நகர்றது கொறஞ்சுது. மனுஷ ஒடம்புலயும் அப்படி நடக்குமான்னு தெரியாது.”

“தெரியாதா?”

“தெரியாதும்மா.”

வேம்பு முருகையனைப் பார்த்தார். முருகையன் குடையைப் பார்த்தார்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றார் டாக்டர். “சேர்றவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் நெஜ மாத்திரை. மீதிப் பேரோடது பாக்க அதே மாதிரி இருக்கும், உள்ள மருந்து இருக்காது. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“உங்களுக்குமா?”

“எனக்குத் தெரிஞ்சா, உங்களப் பரிசோதிக்கும்போதே ஒரு பக்கமா சாஞ்சிடுவேன். அதனால தெரியக் கூடாது. எப்ப வேணாம்னு தோணினாலும் நீங்க விலகிக்கலாம். அதுக்காக வைத்தியத்துல ஒண்ணும் கொறையாது.”

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் வேம்பு யோசித்தார். படித்தவர் ஒருவர் தன் முகத்தைப் பார்த்து ‘தெரியாது’ என்று சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த முறை போனபோது கையெழுத்துப் போட்டார்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கியது. அப்படியானால் இது நிஜ மாத்திரைதானே என்று டாக்டரிடம் கேட்டார். மருந்தில்லாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வயிற்றைக் கலக்குவதுண்டு என்றார் டாக்டர். வேம்பு அதற்குப் பிறகு வயிற்றை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை.

ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்த விதம் வேறு. சத்துணவுக் கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ஹாஜா மைதீன், வேம்புவைப் பார்த்ததும் சர்க்கரை டப்பாவை மூடினார்.

“எனக்குச் சக்கரை போடு தம்பி.”

“சுகர் மாத்திரை சாப்பிடுறீங்களாமே அக்கா.”

“எனக்கு சுகர் இல்ல.”

“எல்லாரும் அப்படித்தாங்க்கா சொல்றாங்க” என்று சர்க்கரை இல்லாத டீயைக் கொடுத்தார்.

வேம்பு முதலில் விளக்கிப் பார்த்தார். கேன்சர் என்று சொன்னால் நடவுப் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள், பக்கத்தில் நிற்பவர்கள் சற்று நகர்ந்தார்கள். சர்க்கரை என்றால் ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள், வீட்டுக்கு வரச்சொன்னார்கள். வேம்பு சர்க்கரையோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறு ஆண்டு சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் முளைத்திருந்தன. எரிவாயுக் கம்பெனி ஒன்று அந்த வழியாகக் குழாய் பதிக்கப் போகிறது, கற்கள் அதற்கு அடையாளம் என்று பக்கத்து வயல் கோவிந்தராசு விசாரித்துக்கொண்டு வந்தார். கல் நட்டவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. பால் பிடித்த கதிரை மிதித்துக்கொண்டு போயிருந்தார்கள். வேம்பு தன் வயலிலிருந்த கல்லைப் பிடுங்கினார். இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் முருகையன் அதைத் தோளில் வைத்துக்கொண்டார். இருவரும் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போய், கல்லைத் தாசில்தாரின் மேசைமேல் வைத்தார்கள்.

“இது எங்க வயல்ல கெடந்துச்சுங்க. யாரோடதுன்னு தெரியல” என்றார் வேம்பு.

தாசில்தார் கல்லை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னார். பிறகு, நிலத்துக்காரர்களெல்லாம் சம்மதக் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி, முருகையனின் கையெழுத்தைக் காட்டினார்.

“வறட்சி நிவாரணம்னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்கய்யா” என்றார் முருகையன்.

“என்ன சொல்லியிருந்தாலும் போட்டது நீங்கதானே?”

“போட்டது நான்தாங்க. வயல்தான் என்னுது இல்ல.”

தாசில்தார் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு வந்த உதவியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். தாசில்தார் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

அதன் பிறகு போராட்டம் பல ஆண்டுகள் நடந்தது. பந்தல் போட்டார்கள், கறுப்புக்கொடி கட்டினார்கள். அந்த நேரத்தில் எந்தக் கட்சி எதிர்க்கட்சியோ அது வந்து ஆதரவு தெரிவித்தது. தேர்தல் முடிந்ததும் மற்றது வந்தது. பந்தல் மாறவில்லை. வேம்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூருக்குப் போய் ரத்தம் கொடுத்து, படம் எடுத்து, அடுத்த மாத்திரைப் புட்டியை வாங்கிக்கொண்டு பந்தலுக்குத் திரும்புவார்.

ஒருநாள் எல்லோரையும் கைது செய்து கீழ்வேளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மதியம் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். காலை மாத்திரை தவறிப்போயிருந்ததால் வேம்பு சாப்பிட்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து அதைப் போட்டுக்கொண்டார். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் கவனித்துவிட்டார்.

“என்ன மாத்திரைம்மா அது?”

“சுகர் மாத்திரை.”

“சுகர் இருக்கா?”

“இல்ல. கேன்சர்.”

பெண் போலீஸ் ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம், உள்ளே இருக்கும் ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை, கேன்சர் இரண்டும் இருக்கிறது என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் அவரே வந்தார். கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

“அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. ஜீப்புலயே விடச் சொல்றேன்.”

“எல்லாரையும் விட்டா போறேங்க.”

“சாயங்காலம் விட்டுடுவோம். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆகாதுங்க. ஆனா சொல்ல முடியாது” என்றார் வேம்பு. டாக்டர் கமருன்னிஸாவிடம் கற்றுக்கொண்ட பேச்சு அது.

இன்ஸ்பெக்டர் வெளியே போய் யாருடனோ போனில் பேசினார். அரை மணி நேரத்தில் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். சாயங்கால டீயும் போண்டாவும் கிடைக்காமல் போய்விட்டதே என்று கோவிந்தராசுவுக்கு மட்டும் வருத்தம்.

கோவிந்தராசுவுக்கு உண்மையிலேயே சர்க்கரை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்குவார். ஒரு தை மாதம், அறுப்பு மும்முரத்தில் அவர் வாங்கப் போகவில்லை. வேம்புவிடம் வந்து நின்றார்.

“அண்ணி, நீங்க சாப்புடுறதும் அதே மாத்திரைதானே? அறுப்பு முடியிற வரைக்கும் குடுங்க.”

“அதேதான்னு சொல்ல முடியாது தம்பி. உள்ள மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.”

“இருந்தா நல்லது, இல்லன்னா கெட்டுப்போறது என்ன?” என்றார் கோவிந்தராசு. வேம்பு காலை மாத்திரையைத் தனக்கு வைத்துக்கொண்டு மாலை மாத்திரையை அவருக்குக் கொடுத்தார்.

அறுப்பு முடிந்து கோவிந்தராசு ரத்தம் பார்த்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நர்ஸம்மா திட்டித் தீர்த்தார். கோவிந்தராசு நேராக டீக்கடைக்கு வந்தார். “அண்ணி சாப்புடுறது வெறும் மாவு. அஞ்சாறு வருஷமா ஆஸ்பத்திரிக்காரன் மாவக் குடுத்து ஏமாத்திகிட்டு இருக்கான்” என்று அறிவித்தார். உண்மையில் அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஊர் கொதித்தது. போராடிப் பழகிய ஊர். அன்று மாலையே பந்தலில் கூடி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி முன்னால் மறியல் செய்வது என்று தீர்மானம் போட்டார்கள். வேன்கூடப் பேசிவிட்டார்கள். வேம்பு எழுந்தார்.

“யாரும் வர வேணாம்.”

“அண்ணி, உங்களுக்காகத்தான்…”

“பாதிப் பேருக்கு மாவுன்னு முன்னாடியே சொல்லித்தான் குடுத்தாங்க. நான் சரின்னேன். கல்லு நட்டவன் அப்படிச் சொன்னானா? அவன்கூடப் போயிச் சண்ட போடுங்க.”

வேன் வேறு ஊர்க் கல்யாணத்துக்குப் போயிற்று.

ஊரை அடக்கிய வேம்புவுக்குத் தன் மனத்தை அடக்க முடியவில்லை. அந்த வாரம்தான் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பில் ஒரு வலி தொடங்கியிருந்தது. எலும்பு என்று டாக்டர் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. இத்தனை காலம் மாவைத் தின்றுகொண்டிருக்க, அந்தச் செல் சாவகாசமாகப் புறப்பட்டுப் போய் எலும்பில் குடியேறிவிட்டது என்று நம்பினார். சோறு இறங்கவில்லை. முருகையன் “என்ன?” என்றார். வேம்பு முதுகு வலி என்றார். “சரி” என்று சொல்லிவிட்டு முருகையன் தைலம் வாங்கிவரப் போனார். போனவர் திரும்ப நேரமாயிற்று. வாய்க்கால் மதகில் தைலப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது.

கோவிந்தராசு குற்ற உணர்ச்சியோடு ஒரு யோசனை கொண்டுவந்தார். சுகாதார நிலையத்தில் வாங்கிய தன் மாத்திரை அட்டைகளை நீட்டினார்.

“இது நெஜ மாத்திரை. இத நீங்க சாப்புடுங்க. உங்களுது இருக்கட்டும். ஆஸ்பத்திரியில யாருக்குத் தெரியப் போவுது?”

வேம்பு வாங்கிக்கொண்டார். அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சாப்பிட்டால் இனிமேலாவது காப்பாற்றும். சாப்பிட்டுவிட்டு டாக்டர் முகத்தைப் பார்த்து, சாப்பிடவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் நினைத்துப் பார்த்தார். மாத்திரையை அட்டையோடு முருகையனிடம் கொடுத்து, கோவிந்தராசு வீட்டில் சேர்க்கச் சொன்னார். மறுநாள் காலை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்.

டாக்டர் கமருன்னிஸா எல்லாவற்றையும் கேட்டார். கோவிந்தராசுவின் சர்க்கரை அளவையும் கேட்டார்.

“மாத்திரைய வெளியாளுக்குக் குடுக்கலாமாம்மா?”

“குடுத்திருக்கக் கூடாதுங்க.”

“அவரு பொங்கல் சமயத்துல என்னென்ன சாப்பிட்டாரு?”

“சக்கரைப் பொங்கல். கரும்பு. மக வீட்டுலேருந்து அதிரசம் வந்துச்சு.”

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். “அப்படின்னா அவர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

“மாவா, மருந்தான்னு இப்பயாவது சொல்ல மாட்டீங்களா?”

“எனக்கே தெரியாதும்மா. பயமா இருந்தா நிறுத்திக்கலாம், நான் தடுக்க மாட்டேன். முதல்ல முதுகப் பாப்போம்.”

எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை முருகையனும் வேம்புவும் நடையில் உட்கார்ந்திருந்தார்கள். முருகையன் வேம்புவின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. வேம்புவுக்கு ஸ்கேனைவிட அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

எலும்பில் ஒன்றும் இல்லை. அறுப்பில் மூட்டை தூக்கினீர்களா என்று டாக்டர் கேட்டார். தூக்கியிருந்தார். டாக்டர் அன்று முதல்முறையாகக் குரலை உயர்த்தித் திட்டினார். வேம்பு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த புட்டியையும் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் ஆண்டு மாத்திரை நின்றது. கண்காணிப்பு மட்டும் தொடர்ந்தது. இதற்கிடையே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. பட்டாசு வெடித்தார்கள். இரண்டு கட்சிகளும் தங்களால்தான் என்று சுவரில் எழுதின. குழாய் கோவிந்தராசுவின் வயல்வரை வந்து, வேம்புவின் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதைத் தோண்டி எடுப்பது பற்றிச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கோவிந்தராசு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் வந்து ஓரிரு ஆண்டுகளில் டாக்டர் கமருன்னிஸா கூப்பிட்டு அனுப்பினார். ஆராய்ச்சி முடிந்து கணக்குப் பார்த்தாயிற்று. சர்க்கரை இல்லாத பெண்களில், மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் நோய் திரும்பிவந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு.

“அப்ப இத்தன வருஷமும் வீணா டாக்டரம்மா?”

“இந்த மருந்து இதுக்கு ஒதவாதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே யாரும் இத நம்பிகிட்டு இருக்க வேணாம். கேன்சரோட சாப்பாட்டத் தடுக்க வேற வழி இருக்கான்னு தேடலாம். தேடிகிட்டும் இருக்காங்க.” சற்று நிறுத்திவிட்டு, “உங்களுக்குக் கெடச்சது எதுன்னு இப்பச் சொல்லலாம். தெரிஞ்சுக்கணுமா?” என்றார்.

“சொல்லுங்க.”

“நெஜ மருந்து.”

வேம்பு சிரித்தார். ஊருக்கு வந்து கோவிந்தராசுவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. புட்டி மாறியிருக்கும் என்றார்.

தான் ஏன் பிழைத்தோம் என்று வேம்புவுக்குத் தெரியாது. கத்தி, ஊசி, கரண்ட் எல்லாம் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அவர் சொல்வதில் ‘இருக்கலாம்’ வராமல் இருந்ததில்லை.

போன ஐப்பசியில் டாக்டர் மறுபடி போன் செய்தார். புதிதாக வேறொரு மருந்தை வைத்து ஆராய்ச்சி தொடங்குகிறது, குத்தாலத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறாள், யாராவது பட்டவர்கள் பேசினால் நல்லது, சேரச் சொல்லவும் வேண்டாம், வேண்டாமென்று சொல்லவும் வேண்டாம் என்றார். வேம்பு போனார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் இறுக்கமாகத் துண்டு கட்டியிருந்தாள். நடையில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“நீங்க சாப்பிட்ட மாத்திரை வேலை செஞ்சுதாக்கா?”

“இல்லம்மா.”

அந்தப் பெண் இதை எதிர்பார்க்கவில்லை. தலைத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு மருந்தைப் பற்றியோ ஆராய்ச்சியைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“முடி மறுபடி வளந்துச்சா?”

வேம்பு கொண்டையை அவிழ்த்துக் காட்டினார். நரைத்து, அடர்த்தியாக, சுருள்சுருளாக இறங்கியது.

“முன்ன கோரை முடி. இப்பச் சுருட்டையா வந்திருக்கு. தொட்டுப் பாரு.”

அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள். பிடித்து இழுத்தும் பார்த்தாள். வேம்புவுக்கு வலித்தது, சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள், அவள் எழுந்து போனாள். கையெழுத்துப் போட்டாளா என்று தெரிந்துகொள்ள வேம்பு காத்திருக்கவில்லை. முருகையன் வாசலில் நின்று, திருவாரூர் பஸ்ஸை நிறுத்திவைக்கும்படி கண்டக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.